சத்தம் வராமல் வீசுவது

என் வீட்டுக்காரருக்குக் கனடாவில் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை. கனடா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குக் கை காட்டத் தெரியாது. சூளகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தபடி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கற்றுக்கொடுத்தேன். பஸ்ஸில் இருந்த அத்தனை பெண்களும் அதற்குச் சாட்சி.

அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். பிழைக்க ஓசூர் வந்து, சி.என்.சி. மெஷின் ஓட்டி, என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு ஆல்பர்ட்டாவில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் இருக்கும் பட்டறைக்கு வேலை கிடைத்துப் போனார். அங்கேயே தங்குவதற்கான அனுமதி வந்துவிட்டால் நானும் மகளும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். அதுவரை அவர் தாக்குப்பிடிக்க வேண்டும். பாதியில் கிளம்பி வந்தால் எல்லாம் போச்சு, இந்த ஜென்மத்தில் மறுபடி கிடைக்காது.

அவரோ தினமும் "வந்துர்றேன்" என்றார்.

எனக்கு முதல் ஷிப்ட். நான் விடியலில் பஸ் ஏறும் நேரம் அவருக்கு அங்கே முந்தின நாள் சாயங்காலம், வேலை முடிந்திருக்கும். பஸ் நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் அழைப்பு வந்துவிடும். சாப்பிட்டாயா, பிள்ளை படிக்கிறாளா, கடைசியில் அந்த ஒரு வார்த்தை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் கெஞ்சக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். எங்கள் தெருவில் யாரிடமும் நாங்கள் போகப்போவதாகச் சொல்லவே இல்லை. பஸ்ஸில் யாராவது "நீ எப்போ போறே?" என்று கேட்டால் "பாக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவேன். இவர் பெட்டியோடு வந்து இறங்கிவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

ஒருநாள் நேராகவே கேட்டேன். "அங்க உங்களுக்கு என்னாதாங்க குறை?"

"மத்தியானச் சாப்பாட்டுல உக்காரவே முடியல. திங்கக்கெழமை ஆனா ஆளாளுக்கு போன்ல ஒரு படத்தக் காட்டுறாய்ங்க. ஒருத்தன் மானு, ஒருத்தன் வாத்து, ஒருத்தன் மீனு. எனக்குக் காட்ட என்ன இருக்கு? நான் சோறாக்குன படந்தான் இருக்கு. அவிய்ங்க பேசுற பேச்சுல நமக்கு ஒரு வார்த்தை இல்ல. ஊமையாட்டம் எத்தன நாளைக்கு உக்காந்திருக்கிறது?"

எனக்குச் சுருக்கென்றது. வேலை கஷ்டம், குளிர் கஷ்டம் என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். பேச ஆள் இல்லை என்பவரை எப்படித் திட்டுவது? "அப்ப நீங்களும் அவங்களோட போங்க" என்றேன்.

மறுநாளே அவருடைய ஃபோர்மேன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டாராம். வயதான மனிதர், நல்ல மாதிரி. இவர் அதை எனக்கு ஒப்பிக்க, நான் பக்கத்து சீட்டில் இருக்கும் தெலுங்குக்காரத் தோழிக்குச் சொல்ல, அவள் பஸ் முழுக்கப் பரப்பினாள். மான் சுட வேண்டுமென்றால் துப்பாக்கி லைசென்ஸுக்கு ஒரு வகுப்பு, வேட்டைக்கு ஒரு வகுப்பு, இரண்டிலும் பரீட்சை. பெரிய கடமான் மாதிரி ஒன்று இருக்கிறதாம், அதற்குச் சீட்டுக் குலுக்கல்; இந்த வருஷம் விழாதவர்களுக்கு அடுத்தடுத்த வருஷம் முன்னுரிமை ஏறிக்கொண்டே போகும். வில் அம்புக்குத் தனியாக ஒரு பருவம் உண்டு. வாத்து என்றால் அறுத்த வயலில் விடியலுக்கு முன் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும், அதில் துளை போட்டுக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம்.

"ஐஸ் பொட்டிக்குள்ள உக்காந்துக்கினு மீன் புடிக்கறதா? வேற வேலை இல்லியா அவங்களுக்கு?" என்றாள் தோழி. "அக்கா, அண்ணன் கையில துப்பாக்கி மட்டும் வேணாம். மொதல்ல தன் கால்லயே சுட்டுக்குவாரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கல்யாணமான புதிதில் என் பிறந்த ஊருக்கு, ஜவளகிரிக்கு அந்தப் பக்கம் காட்டோரத்துக்கு, அவரைக் கூட்டிப் போயிருந்தேன். எங்கேயோ தூரத்தில் யானை பிளிறியது. மனிதர் பொழுது நன்றாக விடியும் வரை கொல்லைப்பக்கம் போகவே இல்லை. இவரா காட்டுக்குள் கடமானைத் தேடிப் போவார்?

எனக்கும் துப்பாக்கி பிடிக்கவில்லை. எங்கள் பக்கம் முயலைத் தொட்டாலே கேஸ். அதைவிட, எங்கள் வீட்டில் மிருகத்தைக் கொல்லும் பேச்சே கிடையாது. விரட்டுவதுதான் எங்கள் வேலை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் இறங்கும். பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவோம், தீப்பந்தம் காட்டுவோம். வயலில் பாதி போயிருக்கும். ஆனாலும் கடைசி யானை காட்டுக்குள் திரும்பும்போது எங்கப்பா கும்பிட்டு, "போயிட்டு வா சாமி" என்பார். வயிற்றெரிச்சல் இருக்கும்தான், இருந்தும் அதை அப்படித்தான் அனுப்ப வேண்டும்.

எனவே நான் மீனைத் தேர்ந்தெடுத்தேன். பஸ்ஸும் ஆமோதித்தது. இறகுத் தூண்டில் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு லைசென்ஸ் போனிலேயே அன்றைக்கே வாங்கிவிடலாம் என்று ஃபோர்மேன் சொன்னாராம். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "மீனுதானே! எங்க ஊருக் கம்மாயில நான் பாக்காத மீனா?" என்று மார்தட்டினார்.

மார்தட்டியவர் முதல் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தார் தெரியுமா? ஓசூரில் இருந்தபோது வாராவாரம் கெலவரப்பள்ளி அணைக்குப் போவார். கேழ்வரகு மாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டை பிடித்து, நுரை மிதக்கும் அந்தத் தண்ணீரில் போட்டுக் கெண்டை பிடித்து வருவார். அதே உருண்டையை அங்கேயும் பிசைந்து எடுத்துப் போயிருக்கிறார், களி கிண்டித் தின்பதற்கு நான் கட்டிக்கொடுத்த மாவில்! புண்ணாக்கு கிடைக்கவில்லை என்று வேர்க்கடலை வெண்ணெயைக் கலந்தாராம். ஆற்றங்கரையில் டப்பாவைத் திறந்ததும் ஃபோர்மேன் பதறிப்போய் மூடிவிட்டார். அந்த ஆற்றில் எந்த இரையும் போடக் கூடாது, தடை. முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்திருப்பதை மட்டும்தான் வீச வேண்டும்.

அந்தப் பூச்சிக்கு எடையே கிடையாது. அதைக் கட்டியிருக்கும் கனமான கயிறுதான் தன் வீச்சில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கயிற்றைத் தலைக்கு மேலே பின்னால் வீசி, முன்னால் வீசி, தண்ணீர்மேல் மெத்தென்று படுக்க வைக்க வேண்டும். கம்மாயில் கல் கட்டி எறிந்து பழகிய கை இவருடையது. புதரில் மாட்டியது, தொப்பியில் மாட்டியது, பாதிப் பூச்சிகள் காணாமலே போயின. சாயங்காலம் அந்த உருண்டைகளை வறுத்து இவரே தின்றிருக்கிறார்.

"நமக்குத் தோதுப்படாது. நான் வந்துர்றேன்" என்றார் மறுபடி. இந்த முறை குரலில் அழுத்தம் இல்லை, முடிவு செய்தவர் மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அன்று லைனில் வேலையே ஓடவில்லை, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கினேன்.

மறுநாள் விடியலில் போன் வந்தபோது அவர் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கடைசியாக ஒருமுறை வீசிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்மேன் தான் கொடுத்த தூண்டிலைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லையாம், வைத்துப் பழகு என்று சொல்லிவிட்டாராம். போனைப் புல்லில் வைத்துவிட்டுப் பேசினார். "பூச்சி கட்ட நான் வாங்குன நூலு சரியில்ல. வீச வீச அந்துக்கிட்டே போகுது. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

நடுவில் ஒரு சத்தம். சட்டென்று, சின்னப் பட்டாசு வெடித்த மாதிரி.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். ஊரில் தானியக் கதிர்மேல் கிளி இறங்கினால், பரணில் நின்று கற்றாழை நார்க் கயிற்றைச் சுழற்றிச் சொடுக்குவோம். எங்கள் ஊரிலேயே என் சொடுக்குதான் பெரியது. பக்கத்து ஊர்க் கிளிகூடப் பறக்கும் என்பார்கள். அந்தச் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று என் தோளுக்குத் தெரியும். கயிறு பின்னால் முழுசாக நீளுவதற்கு முன்பே முன்னால் இழுத்தால்தான் நுனி அப்படிச் சொடுக்கும்.

"இன்னொரு தடவ வீசுங்க" என்றேன்.

மறுபடி பட்.

"நூலு நல்லாத்தாங்க இருக்குது. நீங்கதான் அவசரப்படறீங்க. கயிறு பின்னால நீண்டு முடியட்டும், திரும்பிப் பாருங்க. நீண்டப்புறம் முன்னால கொண்டாங்க. நாங்க கிளி ஓட்டறதுக்குச் சத்தம் வரணும்னு வீசுவோம். உங்களுக்குச் சத்தம் வந்தா தப்பு."

"பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு எனக்கு மீன் பிடிக்கச் சொல்லிக் குடுக்கிறியா நீயி?"

"ஆமா. வீசுங்க."

அதன்பிறகு பஸ்ஸுக்கே வேறு வேலை இல்லை. நான் இயர்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். விடிந்தால் போதும், பின் சீட்டிலிருந்து "சத்தம் வந்துதா?" என்று கேட்பார்கள். வந்தது என்றால் எல்லோரும் உச்சுக்கொட்டுவார்கள். டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்ப்பார். அவருக்கு வெட்கம் ஒருபக்கம், ரோஷம் ஒருபக்கம். ஆனால் வீசுவதை நிறுத்தவில்லை. "வந்துர்றேன்" என்று சொல்லவும் மறந்துபோனார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ரோஜாத் தோட்டக் கூடாரங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலையில், போனில் எதுவுமே கேட்கவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஏங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன். வீசிக்கிட்டுத்தான இருக்கேன்."

பஸ்ஸில் கைதட்டல் எழுந்தது. தோழி என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது. பெருமையில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆற்றுக்குப் போனார். எங்களுக்குத் திங்கள் விடியல். அழைப்பு வந்தது, குரல் இறங்கியிருந்தது.

"என்னாச்சுங்க?"

"வெறுங்கையோட வந்துட்டேன்" என்றார். "பிடிச்சேன். என் முழங்கை நீளம் இருக்கும். தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு, அது வர்றது தெரியுது, வாயத் தொறக்குறது தெரியுது. அவ்வளவு பெருசு எங்க ஊருல பிடிச்சா மேளம் அடிச்சுக் கூட்டிட்டு வருவாய்ங்க. ஆனா முதுகுத் துடுப்புல கறுப்புப் புள்ளி இல்லாத சாதியாம். அத வச்சுக்கக் கூடாது, சட்டம். தண்ணிக்குள்ள வச்சபடியே முள்ளக் கழட்டி விட்டுட்டேன்."

அவர் ஊரில் கம்மாய் வற்றும்போது மொத்த ஊரும் கூடையோடு இறங்கி மீன் பிடிக்கும். வெறுங்கையோடு வீடு திரும்பியவனை அடுத்த வருஷம்வரை கேலி செய்வார்கள். கையில் அகப்பட்ட மீனை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு கூசியிருக்கும் என்பது புரிந்தது.

"உடறப்ப என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஒடனே போகல. கையிலயே நின்னுச்சு. மூச்சு வரட்டும், தண்ணி வர்ற பக்கமா முகத்தத் திருப்பிப் பிடின்னாரு ஃபோர்மேன். பிடிச்சுக்கிட்டே நின்னேன். பெறகு வால ஒரு ஆட்டு ஆட்டுச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உங்கப்பா சொல்வாருல்ல, அதச் சொன்னேன். போயிட்டு வா சாமின்னு."

எங்கப்பா வாழ்நாள் முழுக்க மிருகங்களின் முன்னால் நின்று, ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். அவரை ஊரில் யாரும் வெறுங்கையோடு வந்தவர் என்று சொன்னதில்லை. அதைச் சொன்னேன். யானை ராத்தங்காமல் திரும்பிய அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயசம் வைப்போம் என்றும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறியதுமே போன். குரல் ஆளே மாறியிருந்தது.

"இன்னைக்கு மத்தியானம் ஃபோர்மேன் தன் போன்ல எடுத்த என் மீன் படத்த எல்லாத்துக்கும் காட்டுனாரு. அப்புறம், அந்த மீனுகிட்ட நீ என்ன சொன்னேன்னு கேட்டாரு. சொன்னேன். யானையா, உங்க ஊருலயான்னு எல்லாரும் சாப்பாட்ட மறந்துட்டாய்ங்க. மணி அடிக்கிற வரைக்கும் உங்க ஊரு யானையப் பத்தித்தான் பேச்சு. நான்தேன் பேசுனேன்."

"நீங்களே யானைய வெரட்டின மாதிரி சொல்லியிருப்பீங்களே?"

"லேசா" என்றார். பஸ் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் கேட்டார்: "அது இருக்கட்டும். நீயும் பிள்ளையும் எப்ப வர்றீக? ஆத்துக்குப் பக்கத்துல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். அனுமதி வந்ததும் குடி போயிரலாம்."

இத்தனை நாளும் வந்துர்றேன், வந்துர்றேன் என்றவர், வா என்றார். என் வீட்டுக்காரரை நினைத்து நான் அத்தனை பெருமைப்பட்டது அதற்குமுன் இல்லை. வேலை கிடைத்துப் போன அன்றுகூட இல்லை.

அன்று ஷிப்ட் முடிந்து வந்து, மொட்டைமாடிக் கொடிக்கயிற்றிலிருந்து துணிகளை எடுத்துவிட்டுக் கயிற்றையும் அவிழ்த்தேன். ஒரு மூங்கில் கழியில் கட்டி வீசினேன். கை பழைய பழக்கத்தில் சொடுக்கிவிட்டது. காக்கைகள் பறந்தன. நின்று, பின்னால் திரும்பிப் பார்த்து, கயிறு முழுசாக நீளும்வரை பொறுத்து மறுபடி வீசினேன். சத்தமே இல்லாமல் போய்ச் சிமெண்டுத் தரையில் படுத்தது.

கீழே தெருவிலிருந்து எதிர்வீட்டம்மா அண்ணாந்து பார்த்தாள். "என்னம்மா பண்றே மேல?"

"கனடாவுக்குப் போறேங்க்கா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.