புருஷனின் பிளாஸ்திரி

பாஞ்சாலையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்கு வாய் ஓயாது. கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக் கடை நடத்துகிறவர். தோசையைத் திருப்பிக்கொண்டே, புறப்பட்டுவிட்ட பஸ்ஸை ஒரே கூப்பாட்டில் நிறுத்தி, பார்சலை மறந்துபோன ஆளை இறக்கிவிடுவார். அப்படி ஒரு தொண்டை! "தலவலி மாத்திரகூட முழுங்கினதில்ல நானு" என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அவரை எனக்குப் பழக்கமாக்கியது அவர் புருஷன் காசிதான். நிமோனியா காய்ச்சலோடு, திருவண்ணாமலையில் நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தார். எங்கள் வார்டில் இப்போது நோயாளியின் நெஞ்சில் ஒரு சின்னப் பட்டையை ஒட்டிவிடுகிறோம். ஒயர் கிடையாது. நாடித்துடிப்பும் மூச்சும் எங்கள் மேஜைத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஏதாவது ஏறுமாறானால் மெஷின் கத்தும். காசி அதைப் பிளாஸ்திரி என்பார். அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு கடுப்பு! டீக்கடைக்கு நழுவினால் துடிப்பு ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும், நான் பிடித்துக்கொண்டு வந்து படுக்க வைப்பேன். துடிப்பு ஜாஸ்தியாக இருந்தால் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரர் வேறு பயமுறுத்தியிருந்தார். துணைக்கு உட்கார்ந்திருந்த பாஞ்சாலைக்கோ பௌர்ணமி நெருங்குகிறதே என்று தவிப்பு. கிரிவலக் கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் நாளில் கடையைப் பூட்டி வைக்க மனசு வருமா?

ஒருநாள் காலை மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன், திரை அலறுகிறது. காசியின் துடிப்பு மளமளவென்று இறங்குகிறது. நாற்பது. முப்பத்தாறு. முப்பத்திரண்டு! டியூட்டி டாக்டர் ஆர்த்தியைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

கட்டில் காலி! பக்கத்து ஸ்டூலில் பாஞ்சாலை மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே டீ கிளாஸோடு ஆடி அசைந்து வருகிறார் காசி.

"இன்னா சிஸ்டரம்மா, இந்த ஓட்டம் ஓடி வர்றீங்க?"

"உங்களுக்கு உயிர் போகுதுன்னு மெஷின் கத்துது, நீங்க டீ குடிச்சிக்கிட்டு வர்றீங்களா?"

"எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."

"பிளாஸ்திரி எங்கய்யா?"

தலையைச் சொறிந்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். "அவ மேல ஒட்டிட்டேம்மா. சும்மாதானே குந்திக்கினு கீறா, துடிப்பு கம்மியா காட்டும்னுதான்..."

அட பாவி மனுஷா! திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் சுரீர் என்றது. அப்படியானால் அந்த முப்பத்திரண்டு யாருடையது?

பாஞ்சாலையின் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருமா வராதா என்று காத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. கை சில்லிட்டு வேர்த்திருந்தது.

"ஒண்ணுமில்ல சிஸ்டரு. அடுப்பாண்டகூட இப்பிடித்தான் கண்ண இருட்டும். அனலுதானேன்னு மோரு குடிச்சிட்டு..." சொல்லி முடிப்பதற்குள் என் மேலேயே சாய்ந்துவிட்டார். காசியின் கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

காசி காலி செய்யப் பார்த்த அதே கட்டிலில் பாஞ்சாலையைத் தூக்கிப் போட்டு, ஈசிஜி எடுத்து, ஊசி போட்டோம். அன்றைக்கே இதய டாக்டர் வந்து பேஸ்மேக்கர் வைத்தார். இதயத்தின் மேல் அறை தருகிற தகவல் கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லையாம். கொதிக்கிற இட்லிக் குண்டான் முன்னால் தனியாக இப்படி விழுந்திருந்தால்? நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஆனால் பிழைத்துவிட்டார்! வார்டே சிரித்தது, நான் அழுதேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பாஞ்சாலையின் பழைய தொண்டை திரும்பிவிட்டது. நெஞ்சில் பிளாஸ்திரி, இந்த முறை அவர் பெயரிலேயே. காசி டீக்குக்கூட எழுந்து போகாமல் எங்கள் திரையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டரம்மா, இந்தப் பிளாஸ்திரிய வூட்டுக்குக் குடுத்தனுப்புவீங்களா?" என்றார்.

"பிச்சு எடுத்த ஆளு நீங்கதானே!"

"அது வேறம்மா. இவ அடுப்பாண்ட குந்துறப்போ இவளுக்கு இன்னா ஆவுதுன்னு நான் எப்பிடிப் பாக்கறது?"

பாஞ்சாலை தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். வார்டு முழுக்கக் கேட்டது அந்தக் குரல்.

"அடுப்பாண்ட இனிமே நீ குந்துய்யா. நான் பாத்துக்கறேன்."