நெர்சாவின் வயலில் புல் முளைத்த வருஷம்

நெர்சா பத்ரோனின் புகையிலை வயலுக்குள் போக வேண்டுமானால் வாசலில் பரப்பியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மிதித்துவிட்டுத்தான் போக வேண்டும். பாதிரியார் வந்தாலும் அப்படித்தான். காலில் ஒட்டிவரும் நோயைத் தடுக்க சான் லூயிஸ் பக்கத்தில் எல்லா வயலிலும் இது உண்டு. ஆனால் இரண்டு காலும் நன்றாகப் பதிந்ததா என்று நின்று பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில், பூஞ்சையால் வரும் கருங்கால் நோய் விழுந்து, செடியெல்லாம் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்துபோனது. கணவன் அர்காதியோ வரப்பில் உட்கார்ந்து அழுதான். அன்றைக்கே அவள் லாசரு புனிதரிடம் நேர்ந்துகொண்டாள், இனி என் மண்ணில் பூஞ்சைக்கென்று ஒரு வேரைக்கூட விட்டுவைக்க மாட்டேன் என்று.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். இலை பறித்து முடிந்ததும் கட்டைகளைப் பிடுங்கி எரித்துவிடுவாள். மழைக்காலம் முழுக்க மண்ணைக் கிளறிக் கிளறி, அடுத்த நாற்று நடும்வரை ஒரு புல் தலைகாட்ட விடமாட்டாள். நோய் திரும்பி வரவில்லை. அவளுடைய வயல் பலிபீடத்து விரிப்பு மாதிரி இருக்கிறது என்று ஊரே சொன்னது.

ஆனால் வருஷம் போகப் போக இலை சோர்ந்துபோனது. நிறம் திட்டுத்திட்டாக வந்தது. கொளுத்திப் பார்த்தால் கறுத்து, பாதியில் அணைந்துவிடும். எத்தனை உரம் போட்டும் ஏறவில்லை. சுருட்டின் மேல் சுற்றுகிற மேலிலை வெள்ளைத் துணிப் பந்தலின் கீழேதான் விளையும். வரும் அறுவடையிலும் மேலிலை தேறாவிட்டால், சங்கம் கொடுத்த பந்தல் துணி வேறு வயலுக்குப் போகும் என்று கூட்டுறவுச் சங்கத் தலைவர் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஊரில் துணியை இழப்பது என்றால், கோயிலில் முன்வரிசையில் இருந்தவளை எழுப்பி வெளியே அனுப்பியதுபோல.

அப்போதுதான் மண் ஆய்வு நிலையத்திலிருந்து லிஸ்பெத் என்ற பெண் வந்தாள். யாரும் சொல்லாமலே இரண்டு காலையும் சுண்ணாம்பில் பதித்ததால் நெர்சாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. வேர்களைத் தோண்டிக் கழுவி எடுத்துக்கொண்டு போனவள், சில நாள் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அம்மா, உங்க மண்ணுல நோய் இல்ல. ஆனா குடியிருக்க வேண்டியவங்களும் இல்ல."

"யாரு குடியிருக்கணும்?"

"பூஞ்சைதான்."

அர்காதியோ காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

லிஸ்பெத் பொறுமையாக விளக்கினாள். வேரைக் கொல்கிற பூஞ்சை வேறு, வேருக்குள் குடியேறி நூல்நூலாக வெளியே பரவி, வேருக்கு எட்டாத சத்தைக் கொண்டுவந்து ஊட்டுகிற பூஞ்சை வேறு. இது உயிருள்ள வேர் இருந்தால்தான் பிழைக்கும். வருஷத்தில் பாதி நாள் வயல் மொட்டையாகக் கிடந்ததில் பட்டினியாலேயே போய்விட்டது. அந்தப் பூஞ்சை கலந்த பொடியைக் குழைத்து வாளவரை விதைமேல் பூசி, மழையில் விதைக்க வேண்டும். கூட முளைக்கிற புல்லையும் விட்டுவைத்து, நாற்று நடுவதற்கு முன்னால் மடக்கி உழ வேண்டும்.

"நான் நேர்ந்துக்கிட்டத நானே கெடுக்கணுமா, மகளே?" என்று மட்டும் கேட்டாள் நெர்சா. லிஸ்பெத் பொடிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று நாள் அந்தப் பொட்டலத்தை நெர்சா தொடவில்லை. சமைக்கும்போதும் ஜெபம், துணி துவைக்கும்போதும் ஜெபம். நான்காம் நாள் காலை, சுவரில் இருந்த லாசரு புனிதரின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவள் கணவனைக் கூப்பிட்டாள்.

"இவரு புண்ண நாய் நக்குதே, பாருங்க. இவரு விரட்டலையே. விரட்டியிருந்தா ஆறியிருக்குமா? நான் பயத்துல எல்லா நாயையும் விரட்டிட்டேன்."

அன்றைக்கே விதைக்குப் பொடி பூசினாள்.

அந்த மழைக்காலம் அவளுக்குத் தவக்காலம்தான். வாளவரை இடுப்பளவு எழுந்தது, இடையில் கண்ட புல்லும் மண்டியது. ஒருநாள் கை பொறுக்காமல் ஒரு புல்லைப் பிடுங்கியவள், சுற்றிப் பார்த்துவிட்டு அதே குழியில் திரும்ப ஊன்றுவதை அர்காதியோ பார்த்தான். பார்க்காததுபோலத் திரும்பி நடந்தான்.

பக்கத்து வயல்காரன் எவுலோஹியோ வேலியில் சாய்ந்துகொண்டு, "அக்கா, களைக்கொட்டு தொலஞ்சுபோச்சா? நம்ம பசுவ ஓட்டிட்டு வரட்டுமா?" என்றான்.

"ஓட்டிட்டு வா. நாலு காலையும் சுண்ணாம்புல வச்சுட்டு உள்ள விடு."

சுண்ணாம்பை மட்டும் அவள் விடவில்லை. கெட்டவனுக்குக் கதவடைப்பதும் நல்லவனுக்குச் சோறு போடுவதும் இரண்டுமே வீட்டுக்காரி வேலைதான் என்பாள்.

உழுது, நாற்று நட்டு, துணி கட்டினார்கள். முதலில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு இலைகள் அகன்று, மெல்லியதாக, ஒரே பச்சையாக விரிந்தன. கொட்டகையில் தொங்கவிட்டுக் காய்ந்தபோது நிறம் ஒரே சீராக மாறியது. ஆனாலும், கொளுத்திப் பார்க்கும்போது தீ சொல்லட்டும் என்று இருந்தாள் நெர்சா.

இலை தரம் பிரிக்கும் கூடத்தில் வருஷக்கணக்காக வேலை செய்த சொராய்தா ஓர் இலையை எடுத்து ஓரத்தில் நெருப்பு வைத்தாள். நெர்சாவும் சங்கத் தலைவரும் பக்கத்தில் நின்றார்கள். தீ அவசரப்படாமல் ஊர்ந்தது. நரம்பைத் தாண்டியது, நிற்கவில்லை. பின்னால் சாம்பல் வெளுத்து உதிராமல் நின்றது. சொராய்தா இன்னொரு கட்டிலிருந்தும் ஓர் இலையை உருவினாள். அதுவும் அப்படியே.

"பந்தல் உனக்குத்தான்டி" என்றாள்.

நெர்சா சிலுவை போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மடித்து வைத்திருந்த பந்தல் துணியை முற்றத்தில் விரித்தாள். காற்றில் கிழிந்த இடங்கள் நிறைய இருந்தன. அர்காதியோ ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தான். இருவரும் ஆளுக்கொரு ஓரத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்கள்.