பஸ்ஸை விட்டு இறங்காத டிரைவர்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல்கள் நடந்துகொண்டிருந்த நாட்கள். வேலை மனிதர்களின் மனத்தை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சிக்காக, பஸ் தொழிலாளர்களைச் சந்திக்கக் கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் அந்த டிரைவரோடு பேசிக்கொண்டே போனேன். ஒடிசலான உடம்பு, நரைத்த மீசை. வண்டி நின்றால் போதும், தோள் துண்டால் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

ஊருக்குச் சற்று முன்னால் புளியமரம் ஒன்றை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். மறியல் கூட்டத்திலிருந்து டிரைவருடைய தம்பியே ஓடி வந்தான்.

"அண்ணா, எறங்கி வந்து ஒக்காரு. நம்ம ஜனத்துக்கு வேலை கேட்டுத்தான ஒக்காந்துக்கினு இருக்கோம்!"

"கேளுடா, வேணான்னு சொல்லல. எனுக்குக் கெடச்ச வேலைய நான் பாக்க வேணாமா? வண்டில ஜனம் இருக்குது."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். டிரைவர் கண்ணாடியில் ஒரே இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வேலையில உங்களுக்கு நிறைவு இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"அவன் ஜெயிக்கணும் சார். வண்டியும் போவணும். ரெண்டும் வேணுன்றவனுக்கு இன்னா நிறைவு?"

சாயங்காலம் மரத்தை ஒதுக்கினார்கள். அவர் வண்டியைத் தம்பி அருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏறுடா, வூட்டுக்குப் போவலாம்."

தம்பி அசையவில்லை. டிரைவரும் வண்டியை எடுக்கவில்லை. பசியோடிருந்த பயணிகள் ஒருவரும் அவரை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் பின்படியில் ஏறிக்கொண்டான்.

தம்பிக்காக அத்தனை பேரையும் காக்கவைத்தாரே, அது அவருடைய வேலையில் சேருமா சேராதா என்று இன்றும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.