இரைச்சல் நீக்கிய குரல்

வீட்டில் அவளுக்குப் பொறுமைசாலி என்று பெயர். கொழுந்தன் முதல் நாத்தனார் வரை அப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சிரித்துக்கொண்டே பேசினால்தான் குரலில் சிரிப்பு வருமாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, நாசமாய்ப் போக! அம்மா இறந்த செய்தி வந்தபோதுகூட சூப்பர்வைசர், "இந்த ஒருத்தர்கிட்ட மட்டும் பேசி முடிச்சிடும்மா" என்றார். யாருடைய ஃப்ரிட்ஜிலோ ஐஸ் உறையவில்லை. அதற்காகக் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி மன்னிப்புக் கேட்டு முடித்தாள்.

அதற்கப்புறம்தான் அந்த ஆல்பம் கைக்கு வந்தது. கூட வேலை பார்த்தவளின் தம்பி, நண்பர்களோடு சேர்ந்து பதிவுசெய்த ராக் பாட்டுகள். ஒரே ஒரு சிடி போட்டதோடு குழு கலைந்துவிட்டது. கிடார்கள் காதைக் கிழிக்கும். அந்தக் களேபரத்துக்கு அடியில் ஒருவன் துக்கமாகப் பாடிக்கொண்டிருப்பான். பாதி வார்த்தை புரியாது. அவனை யாரும் சிரிக்கச் சொல்லவில்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. வேலையிலிருந்து வந்ததும் அதைப் போட்டுக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு முழுசாக வரும்.

கணவர் நல்லவர். தொந்தரவே அதுதான். ஒலிப்பதிவுகளில் ஃபேன் சத்தம், வண்டிச் சத்தமெல்லாம் நீக்கித் தருவது அவர் தொழில். ஒரு விடுமுறை நாளில் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"உன் பாட்டுல இருந்த இரைச்சலையெல்லாம் எடுத்துட்டேன். இப்ப குரல் எவ்வளவு தெளிவா இருக்கு, கேளேன்."

கேட்டாள். நடுத்தெருவில் துணியில்லாமல் நிறுத்தப்பட்டவன்போல் ஒருவன் விம்மிக்கொண்டிருந்தான்.

"பழைய சிடி எங்க?"

"ஒரே கீறலா இருந்துச்சு. குப்பை வண்டியில போட்டுட்டேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டுப் போட்டீங்க? அந்த ஆளு அழறது யார் காதுலயும் விழக் கூடாதுன்னுதானே அவ்வளவு சத்தம்! அதைப் போய்ப் பிடுங்கிட்டீங்களே. அழுதாலும் அழகாத்தான் அழணுமா?"

"உனக்கு நல்லதுன்னு நெனச்சு..."

"உங்க நல்லதுல இடி விழ!"

அடுப்படிக்குப் போனாள். வாஷிங் மெஷினை வெறுமனே ஓட விட்டாள். மிக்ஸியில் கைக்கு அகப்பட்டதைக் கொட்டி முழு வேகத்தில் திருகினாள். எக்ஸாஸ்ட் ஃபேன், தண்ணீர்க் குழாய், ஒன்றையும் விடவில்லை. நடுவில் அந்த மொட்டைக் குரலை ஓட விட்டு, வாயைத் திறந்து கத்தினாள்.

கணவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். எத்தனை சத்தத்துக்கு அடியில் கிடந்தாலும் குரலைப் பிரித்துக் கேட்கிற காது அவருக்கு. அவள் அம்மாவைக் கூப்பிட்டது, சூப்பர்வைசரைச் சபித்தது, எல்லாமே கேட்டது. மீதிப் பாதி அவரைப் பற்றியதுதான்.

மிக்ஸி சூடேறித் தானாக நின்றது. அவர் உள்ளே வந்தார். மிக்ஸியின் அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தி அதை மறுபடி ஓட விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.