குடுவைக்குள் ஒரு கிண்ணம்

ஏதென்ஸ் குயவர் தெருவில் பைடிமோஸ் முப்பது வருஷமாகக் குடுவைகளில் வீரர்களை வரைந்துவந்தார். அவருக்கு ஒரு கால் பிறவியிலேயே சூம்பியது. போர்க்களத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும், வீரர்கள் தலைக்கவசத்தை மறக்காமல் மாட்டிக்கொண்டு இடுப்புத் துணியை மட்டும் வீட்டில் மறந்துவிட்டுப் போவார்கள் என்று ஊரையே நம்பவைத்ததில் அவருக்கும் பங்குண்டு. பழங்கதை வீரன் அகிலிஸை மட்டும் நானூறு தடவை கொன்றிருப்பார். கை நடுங்கியதில்லை.

இறந்தவர்களுக்கு எண்ணெய் ஊற்றிச் சமாதியில் வைக்கும் வெள்ளைக் குடுவையில் ஒரு தொழில் சூட்சுமம் இருந்தது. கழுத்துக்குக் கீழே, உள்ளுக்குள், சின்னக் கிண்ணம் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். வெளியே முழ உயரம். மூன்று கரண்டி எண்ணெய் விட்டாலே வாய்வரை தளும்பும். இறந்தவர்கள் யாரும் இதுவரை புகார் சொன்னதில்லை.

வடக்கே நடந்த சண்டையில் அவர் மகன் ஹெகியாஸ் இறந்தான். அவன் எலும்பு அவன் குலத்தாரின் எலும்புகளோடு ஒரே பெட்டியில் வந்தது.

"குடுவை நிறைய எண்ணெய் ஊத்தணும்," என்றாள் மனைவி லிசில்லா. "உசுரோட இருந்தப்பதான் ரொட்டிக்குச் சொட்டுச் சொட்டா விட்டேன்."

பைடிமோஸ் குயவன் அர்க்கிப்போஸிடம் போனார்.

"உள்ள கிண்ணம் இல்லாம ஒண்ணு குடுடா."

"நாளன்னைக்கு அடக்கத்த வெச்சுக்கிட்டு இப்ப வந்து கேட்டா எப்படிண்ணே? வனைஞ்சு, காய வெச்சு, சுடணுமே. சுட்டது அஞ்சு இருக்கு. எல்லாம் கிண்ணம் வெச்சதுதான். யோசனையே உங்களுதுதானே!"

ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து வரைந்தார். உறக்கமும் மரணமும், இறக்கை முளைத்த இரண்டு தெய்வங்கள், ஒரு வீரனைத் தூக்கிப் போகிறார்கள். மகனின் மூக்கை வரையத்தான் நினைத்தார். கை அகிலிஸின் மூக்கை வரைந்து முடித்திருந்தது. அப்படியே விட்டுவிட்டார்.

லிசில்லா பார்த்தாள். "என்னங்க, ஒரு துணி போட்டிருக்கக் கூடாதா? குளிர் தாங்கமாட்டானே."

சிவப்பைக் குழைத்து ஒரு போர்வை வரைந்தார்.

சமாதியில் அவள் ஆலிவ் எண்ணெயை ஊற்றினாள். மூன்றாவது கரண்டியில் வழிந்தது. இடுப்பில் ஜாடி இன்னும் கனத்தது.

"அவ்வளவுதானா?"

உள்ளே இருக்கும் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். "அவ்வளவுதான் புடிக்கும்," என்றார்.

"போதும்னுட்டான் போல. எங்கிட்ட எப்பவும் அப்படித்தான் சொல்லுவான்," என்று அவள் ஈரக்கையைத் தலையில் துடைத்துக்கொண்டாள்.

மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பருப்பில் தாராளமாக விட்டாள். பைடிமோஸ் சாப்பிட்டார்.

"இன்னும் ஊத்தவா?"

"ஊத்து."