பன்னிரண்டு மணிக்கு அணையும் பெட்டி

லூர்துராணி எதையும் தூக்கிப் போடமாட்டாள். அரசு அலுவலகமொன்றின் ரெக்கார்டு ரூமில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள்; கரையான் அரித்த ஃபைலுக்கும் நம்பர் போட்டுக் கட்டிவைத்தவள். அவள் இப்படிச் செய்தாள் என்று சொன்னால் தென்னூரில் அவள் தெருவே நம்பாது.

புருஷன் அற்புதசாமி லேத் பட்டறையில் டர்னர். தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவுகிற கை. போன வருஷம் பக்கவாதம் வந்து அந்த வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயின. இடது கையால் எழுதட்டும் என்று நோட்டும் பேனாவும் கொடுத்தாள். கோணல்மாணலாக வந்த எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் நோட்டை வீசியெறிந்தார். மனுஷருக்கு ரோஷம். வாழ்நாளெல்லாம் இம்மி பிசகாமல் வேலை பார்த்தவர் அல்லவா? அதோடு எழுதுவதும் நின்றது. அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று அவள் மாதாவிடம் அழாத நாள் இல்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிஸியோதெரபி பெண் லின்சிதான் யோசனை சொன்னாள்.

"பந்தை அமுக்கச் சொன்னா அங்கிள் கோவிச்சுக்கிறாங்க. கடையில நின்னு விளையாடுவோம்ல, அந்த வீடியோ கேம் பெட்டி மாதிரி வீட்டுலயே ஒண்ணு பண்ணுங்க ஆன்ட்டி. பிடிச்சு ஆட்டுற ஸ்டிக்கை வலது பக்கம் வச்சிருங்க, கை தானா வேலை செய்யும்."

துறையூர் ஆசாரி காத்தமுத்து ப்ளைவுட்டில் பெட்டி செய்து கொடுத்தார். உள்ளே வைத்தது, பெங்களூரில் இருக்கும் மகள் ஆன்சி காலேஜ் படித்த காலத்துக் கம்ப்யூட்டர். அது கண் விழிக்கவே ஐந்து நிமிஷம் பிடித்தது. அற்புதசாமி மூன்றாவது நிமிஷத்தில் எழுந்து போய்விட்டார்.

லூர்துராணி விடவில்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்து, கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற லேசான ஆப்பரேட்டிங் சிஸ்டம் தேடினாள். முதலில் போட்டது பார்க்க லட்சணமாக இருந்தது, பாதியில் மூச்சுவாங்கி நின்றது. இரண்டாவது நன்றாகத்தான் ஓடியது, ஆனால் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்டது. கை வராதவரிடம் பாஸ்வேர்டு! மூன்றாவதை ஒரு பென்டிரைவில் அடக்கிவிடலாம். ஸ்விட்சைப் போட்டால் இருபது விநாடியில் நேரே விளையாட்டு. அணைத்தால் எதுவும் சேமிக்கப்படாது, சேமிக்க வேண்டுமென்றால் தனியாக இடம் ஒதுக்க வேண்டும் என்று திரையில் ஓர் எச்சரிக்கை வந்தது.

"விளையாட்டுல சேமிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று அவள் அதைத் தாண்டிப் போனாள். ரெக்கார்டு ரூம்காரி!

அற்புதசாமி உட்கார்ந்தார். தினம் பத்து மணிக்கு உட்கார்ந்தால் உச்சிவேளை வரை எழுந்திருப்பதில்லை. மரத்துப்போன வலது உள்ளங்கையை ஸ்டிக்கின் குமிழ் மேல் வைத்துத் தள்ளுவார். இடது கை பட்டனை அமுக்கும். அடுப்படியிலிருந்து அவள் சத்தத்தைக் கேட்பாள். முதல் ஆட்டம் நெடுநேரம் ஓடும். அடுத்தது அதைவிடக் குறைவு, அதற்கடுத்தது இன்னும் குறைவு. சீக்கிரம் களைத்துவிடுகிறாரே என்று அவளுக்குக் கவலை.

பன்னிரண்டு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். மணி அடித்தால் சுவரில் ஸ்விட்சை அணைப்பது ஆபீஸில் ஊறிப்போன பழக்கம். திரைப்பக்கம் திரும்பக்கூட மாட்டாள். அவர் தொண்டைக்குள் ஏதோ உறுமி அவள் கையைப் பிடிப்பார்.

"பச்சப்புள்ளயாட்டம் அடம் பிடிக்காதீங்க. மாத்திரை நேரம்."

டக். இப்படிப் பன்னிரண்டு நாள்.

பதின்மூன்றாம் நாள் மணி அடிக்கும்போது ஆன்சி போன் செய்தாள். ஸ்விட்சுக்கு நீட்டிய கை போனை எடுத்தது. பேசிக்கொண்டே அவர் பின்னால் வந்து நின்றாள். ஆட்டம் முடிந்து திரையில் பட்டியல் வந்தது. அதிகம் எடுத்த ஐந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே மூன்று எழுத்து. விளையாடியவர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதற்கான இடம் அது.

RAN
IOF
FPA
NNA
DHA

என்ன கண்றாவி இது என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கண் தானாகச் சேர்த்துப் படித்தது. மகளுக்கு வாட்ஸப்பில் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாரே, அதே மாதிரி.

ராணி, ஆஃப் பண்ணாத.

அதிக மதிப்பெண்தான் மேல் வரி. அப்படியானால் வரிகள் வரிசையாக நிற்க, ஒவ்வொரு ஆட்டத்திலும் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைத்து எடுத்து, வேண்டுமென்றே தோற்றிருக்கிறார். களைப்பு இல்லை. அளவு. திரையில் விழும் எழுத்து கோணுவதில்லை, அதனால் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு நாள் எழுதியிருக்கிறார். பன்னிரண்டு நாளும் அவள் கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். ஒன்றுவிடாமல் அணைத்து அழித்தவள் அவள்.

"அம்மா? லைன்ல இருக்கியா? அம்மா?"

லூர்துராணி போனைக் கட் பண்ணிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"முதல் நாள் என்னங்க எழுதுனீங்க?" என்றாள். "நான் பாவி. என்ன எழுதுனீங்க?"

அற்புதசாமி அவளைப் பார்த்தார். திரும்பி, உள்ளங்கையைக் குமிழில் வைத்தார். முதல் ஆட்டம் முக்கால் மணி நேரம் ஓடியது. மாத்திரை மேஜையில் கிடந்தது. சோறு ஆறியது. அவர் ஜெயிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்; அடுத்தடுத்த ஆட்டங்களில் சரியான இடத்தில் தோற்க வேண்டுமே என்றும் வேண்டிக்கொண்டாள். நான்காவது ஆட்டம் முடிந்தபோது மணி இரண்டரை. பழைய வரிகளைக் கீழே தள்ளிவிட்டு மேலே நான்கு புது வரிகள்.

RAN
ISA
PTI
YA

ராணி சாப்டியா.

இந்த ஒன்றரை வருஷமாக அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. அவருக்கு ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, படுக்கவைத்த பிறகு, அடுப்படியில் நின்றுகொண்டே எதையாவது வாயில் போட்டுக்கொள்வாள். அவர் படுத்தபடி கதவு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"இல்லைங்க," என்றாள் லூர்துராணி. "இன்னும் சாப்பிடல."

அவர் இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.