ஏன் என்று கேட்கும் பயிற்சி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு இது விநோதமாகவே இருக்கிறது. சனிக்கிழமை காலையில், வெளியே வெயில் காயும்போது, குளிரூட்டிய பெட்டிக்குள் சுவெட்டர் போட்டுக்கொண்டு எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ரயில் ஆட, எல்லாத் தலைகளும் சேர்ந்து ஆடுகின்றன. எங்கள் விருதுநகர்ப் பக்கத்துப் பேருந்து என்றால், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் என் ஊர், வேலை, பெண்ணுக்கு ஏன் இன்னும் வரன் பார்க்கவில்லை என்பது வரை கேட்டு முடித்திருப்பார். நான் பதில் சொல்லிக்கொண்டே வருவேன். திருப்பி எதுவும் கேட்டதாக நினைவில்லை. அப்படிப்பட்ட என்னைத்தான், நான் வேலை செய்யும் கிள்ளான் கிடங்குக் கம்பெனி, கேள்வி கேட்கப் படித்துவிட்டு வா என்று கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அனுப்பியது.

அந்தப் படிப்புக்குப் பெயர் பிசினஸ் அனலிசிஸ். ஒரு வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று முதலில் படமாக வரைய வேண்டும். எங்கே இடிக்கிறது, ஏன் இடிக்கிறது என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டறிய வேண்டும். பிறகு, எப்படி நடந்தால் நல்லது என்று இன்னொரு படம். கிடங்கில் சரக்கைக் கையால் பதியும் என் வேலை கணினிக்குப் போகப்போகிறது. பயிற்சி முடிவில் நான் சொல்லும் யோசனையை அலுவலகம் ஏற்றுக்கொண்டால் புது வேலை தந்து வேலை பெர்மிட்டை நீட்டிப்பார்கள். இல்லையென்றால் ஊருக்கு விமான டிக்கெட். மனைவி செல்வியிடம் இதைச் சொன்னபோது, "டிக்கெட்டும் நல்லதுதானே" என்றாள்.

பயிற்சி அறை ஒரு மாடியில் இருந்தது. கீழே பூக்கடை. கதவு திறக்கும்போதெல்லாம் மல்லிகை வாசனை படியேறி வந்து அந்தக் குளிரில் கரைந்து போகும். சுவரெங்கும் மஞ்சள் தாள்கள் ஒட்டியிருக்கும். குளிர்சாதனக் காற்றில் அவை படபடக்கும்போது நான் பாடத்தை விட்டுவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லிக்கொடுத்த சாந்தி மேடம் என்னைவிட வயதில் சின்னவர், இங்கேயே பிறந்தவர். "ஏன்னு கேளுங்க அங்கிள். பதில் வந்ததும் அதுக்கும் ஏன்னு கேளுங்க. அவ்ளோதான் லா," என்பார். அவ்வளவுதான் என்று அவருக்குத் தோன்றுகிறது. எட்டாம் வகுப்பில் ஒருமுறை கணக்கு வாத்தியாரிடம் ஏன் என்று கேட்டேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில் நின்று யோசிக்கச் சொன்னார். பிறகு பருப்பு மில்லில் வேலை பார்த்தபோது, முதலாளி பேசினால் கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டுவோம். ஏன் என்பது எங்கள் பக்கம் பெரியவர்கள் சிறியவர்களைப் பார்த்துக் கேட்பது. கீழேயிருந்து மேலே போனால் அதற்குத் திமிர் என்று பெயர்.

எனக்குக் கிடைத்த பிரச்சினை இதுதான். கடைகளிலிருந்து திரும்பி வரும் சரக்கு எங்கள் கிடங்கு முற்றத்தில் வாரக் கடைசியில் குவிந்து மழையில் நனைகிறது. முற்றத்தின் சூப்பர்வைசர் முனியாண்டி அண்ணனிடம் விசாரிக்கப் போனேன். பக்கத்துக் காப்பார்க்காரர், தாத்தா காலத்திலேயே வந்து தங்கிய குடும்பம்; என்னைப் போல் இந்தியாவிலிருந்து வருபவர்களை ஊர்க்காரர் என்பார். "ஆளு பத்தல ஊர்க்காரரே. ரெண்டு ஆளு போட்டா எல்லாம் ஓகே ஆயிரும். ஆபீஸ்ல சொல்லி வாங்கிக் குடுத்துருவீங்கல்ல?" என்றார். நான் பேச்சு முழுவதற்கும் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து முற்றத்தில் எனக்குத் தனி மரியாதை. லோரி ஓட்டுநர்கள் நுரை ததும்பும் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார்கள். "ரெண்டு ஆளு எப்ப வர்றாங்கண்ணே?" என்று ஒருவர் கேட்டபோதுதான் என் தலை செய்த வேலை எனக்கு விளங்கியது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக ஆட்டிய தலையை அவர்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வகுப்பில் சாந்தி மேடம் என் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல அவர் கேக்கற தீர்வு இருக்கு. காரணம் எங்க அங்கிள்? திரும்பப் போங்க," என்றார்.

திரும்பப் போனேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையின் கீழ் முனியாண்டி அண்ணன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஆள் வாங்கித் தருவதாக நான் சொல்லவில்லை என்றேன்.

"அப்பறம் தலைய எதுக்கு ஆட்டுனீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தேண்ணே."

"நல்ல ஊருய்யா உங்க ஊரு. கேக்கறதுக்கும் தலை, சரிங்கறதுக்கும் தலை. கழுத்து கழண்டுறாது?" என்று சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ஏண்ணே சரக்கு குவியுது?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து எறங்குது. உள்ள எடுக்கறதில்ல."

"ஏன் எடுக்கறதில்ல?"

அவர் மழையைப் பார்த்தார். "அஸ்மான் அப்போ தொழுகைக்குப் போயிருப்பான். எண்ணி எடுக்கற பொறுப்பு அவனோடது. அவன் இல்லாதப்ப நாங்க தூக்கி வச்சு, ஒண்ணு கொறஞ்சாலும் பழி அவன் தலையிலதான். அதான் தொடறதில்ல. அவன் திரும்பி வர்றதுக்குள்ள எங்க ஷிப்டு முடிஞ்சுரும். மறுநாள் பாதி ஆளுங்களுக்கு லீவு."

"ஏண்ணே ஆபீஸ்ல சொல்லல?"

"யாரும் கேக்கல. ஆளு பத்தலன்னு சொன்னா கேஸ் முடிஞ்சுரும். அஸ்மான் பேரு வராது."

கோப்பிக் குவளையை மழைத் தண்ணீரில் கழுவினார். பிறகு அவர், "இப்ப நான் கேக்கறேன். நீங்க ஏன் ஊருக்குப் போகல?" என்றார்.

"பொண்ணு படிப்புக்குண்ணே."

"அதான் முடிச்சுட்டான்னு முட்டாய் குடுத்தீங்களே. அப்பறமும் ஏன்?"

நான் தலையாட்டினேன். "இது எந்தத் தலையாட்டல்?" என்றார்.

கடைசி வகுப்பில் அலுவலகத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். என் இரண்டாவது படத்தில் திரும்பி வரும் சரக்கின் லோரி வியாழக்கிழமை வந்தது. தொழுகை நேரம் அப்படியே இருந்தது, அஸ்மானின் பெயர் எங்கும் இல்லை. என் குரல் பாதி எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள்.

மாலை ரயிலில் செல்வி வீடியோவில் வந்தாள். பெர்மிட் நீட்டிப்பார்கள் என்றேன். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால், ஊரில் எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் வெயில் இருந்தது.

"அப்ப வரலையா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஏங்க?"

அதற்கு அடுத்த ஏனும் அதற்கு அடுத்ததும் அவளிடம் இருந்திருக்கும். ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். நான் தலையசைத்தேன். "ஆட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க," என்று அவள் சொல்லும்போதே சிக்னல் போய்த் திரை உறைந்துவிட்டது. இரண்டு முகங்களும் அப்படியே நின்றன. பெரிய கட்டத்தில் வாய் திறந்தபடி அவள். மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் நான், ஒரு பக்கமாகச் சாய்ந்த தலையோடு, எந்தப் பக்கமும் வந்து சேராமல். கிள்ளான் வரும்வரை அந்தப் படம் அசையவில்லை. ரயில்தான் என்னை ஆட்டிக்கொண்டே வந்தது.